சூசையப்பர் கல்லூரியும் சுவர்களின் சரிதமும்

திருச்சி நகருக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது மலைக்கோட்டை. அடுத்துப் படுவது, அந்த மலையோடு போட்டியிடப் புறப்பட்டதுபோல் விண்ணை நோக்கி நிமிர்ந்து நிற்கும் லூர்து மாதா கோயிலின் கூர்ங்கோபுரம். ஒன்று உச்சிப் பிள்ளையாருக்கு, மற்றொன்று மாதாவுக்கு. கோபுரங்கள் தலை நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் நம் மக்கள் தலை குனிந்து நிற்கின்றனர். இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. ஆனால் மாதா கோயிலின் நிழலில் மற்றொன்று நிற்கிறது. அது பள்ளி, கல்லூரி. எண்ணும் எழுத்தும் கற்றுத்தரும் இடம். அதைக் கண்டு நாம் முகஞ் சுளித்துப் போய்விட முடியாது. நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1844-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-ல் திருச்சிக்குக் குடிபெயர்ந்த ஏசு சபையாரின் சூசையப்பர் கல்லூரியைப்பற்றியே கூறுகிறோம். அக்காலத்தில் 'கல்லூரி' என்ற பெயருக்குள் சிறுவர் படிக்கும் கீழ்வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை எல்லாம் அடங்கும். பின்னாளில் பள்ளி தனியாகவும் கல்லூரி தனியாகவும் பிரிந்தன. பிரிந்தபோதும் அண்டை அயலாகவே நிற்கின்றன. நூற்றாண்டு 1944-ல் நிறைந்தது. நூற்றைம்பதாம் ஆண்டு 1994-ல். நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டு 2019-ல். இந்நாட்டில் இத்தனை நீண்ட ஆயுள் பெற்ற கல்விக்கூடங்கள் மிகச் சில.

நீண்ட ஆயுள் பெற்ற நிலையங்களுக்கு நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விழா எடுப்பர், மலர் வெளியிடுவர். அந்த மலர்களின் இலக்கணத்தை நாம் நன்கறிவோம். முதற்பக்கத்தில் வாழ்த்துரைகள். அடுத்து நிறுவியோர் படங்கள், நீண்ட தாடியுடன். அதன்பின் கட்டடங்கள்: இந்த மண்டபம் இந்த ஆண்டு எழுந்தது, இன்ன தலைவர் கால்கோள் விழாவுக்கு வந்தார், இன்ன கவர்னர் திறந்துவைத்தார். கடைசியில், இங்குப் படித்துப் பெரும்பதவி அடைந்தோர் பட்டியல். படித்து முடித்து மூடி வைத்தால், செங்கல்லும் சுண்ணாம்பும் தாமே நடந்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன என்று எண்ணத் தோன்றும். யார் கட்டினார் என்ற கேள்விக்கு அங்கே விடை உண்டு. அந்த விடை எப்போதும் ஒரு பாதிரியாரின் பெயர். யார் கல் சுமந்தார், யார் உள்ளே வந்தார், வந்தவர் எங்கே அமர்ந்தார், வராதவர் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விகளுக்கு மலரில் இதழ் இல்லை. கத்தோலிக்கப் பள்ளிகளின் மலர்கள் மட்டுந்தான் இப்படி என்று சொல்லமாட்டோம். இந்துப் பிரமுகர்கள் நடத்தும் பள்ளிகளின் மலர்களும் இதே அச்சில் வார்த்தவையே. ஆனால் 'கடவுள் முன் அனைவரும் சமம்' என்று முழங்கி வந்த மார்க்கத்தாரிடம் நாம் சற்றுக் கூடுதலாகவே கேட்க உரிமை உண்டு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஜோசப் என்பது 'சூசை' ஆகி, 'சூசையப்பர்' ஆகி, தென்னாட்டு ஊர்தோறும் மக்கள் நாவில் புழங்கியது. இன்று கல்லூரியின் வாயிலில் 'தூய வளனார்' என்று காண்கிறோம். வளன் என்ற சொல் வீரமாமுனிவர் தந்தது. எபிரேய மொழியில் அப்பெயருக்குப் 'பெருகுதல், கூடுதல்' என்று பொருள். அதனை உணர்ந்து 'வளன்' என்று தமிழாக்கித் தம் தேம்பாவணிக்குத் தலைவனாக்கினார் அவர். இத்தாலியில் பிறந்த பாதிரியார், 1726-ல், வடமொழிக்குப் போகாமல் தமிழுக்குள் வேர் தேடினார்! நம் பண்டிதர்கள் அப்போது எந்த மொழியில் பெயர் வைத்துக்கொண்டிருந்தனர் என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும், விட்டுவிடுவோம். மொழியிலே அவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். சமுதாயத்திலே எங்கே நின்றார்கள் என்பதே கேள்வி.

அதற்கு விடை காண, கட்டடங்களுக்கு முந்தைய ஒரு கட்டடத்தைக் காண வேண்டும். அது கல்லால் ஆனதல்ல, கொள்கையால் ஆனது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு, காவி உடுத்து, பிராமண சந்நியாசியின் நடை உடை உணவு அத்தனையும் மேற்கொண்டார். மதுரையில் அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் இருந்தார். அவர் பரதவர்க்கு ஊழியம் செய்துவந்தார். நொபிலி அந்தக் கோயிலோடு ஒட்டாமல் தமக்கெனத் தனிக் கோயில் அமைத்துக்கொண்டார். ஏன்? பரதவரோடு பழகியவர் என்று தெரிந்தால் மேல்சாதியார் நெருங்கமாட்டார்கள் என்பதால். தலையைப் பிடித்தால் உடல் தானே வரும் என்பது கணக்கு. தலை வரவில்லை, ஆனால் தலை, உடல், கால் என்ற பிரிவினை மட்டும் மார்க்கத்துக்குள் குடியேறிவிட்டது. 1744-ல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை, மலபார்ச் சடங்குகள் பலவற்றைக் கண்டித்தது; அதே மூச்சில், பறையர்க்கென்று தனியே குருமாரை அமர்த்திக்கொள்ளவும் இடந்தந்தது. ரோமாபுரி வரை போய்த் திரும்பிய பின்னும் தீண்டாமை செத்தபாடில்லை. முத்திரை வாங்கிக்கொண்டு வந்தது!

1773-ல் ஏசு சபை கலைக்கப்பட்டது. 1814-ல் மீண்டும் உயிர் பெற்றது. 1830களின் இறுதியில் பிரெஞ்சு நாட்டிலிருந்து ஏசு சபையார் பழைய மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தனர். வெப்பமும் விஷபேதியும் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. வந்த இளைஞர் பலர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். அந்தத் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. கடல் கடந்து வந்து, அறியாத மொழி கற்று, அறியாத நோயில் மடியச் சித்தமாயிருந்தவர்களை எள்ளி நகையாடுவது பகுத்தறிவு ஆகாது. இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணின் சோற்றைத் தின்று, இந்த மண்ணின் மக்களுக்கு எழுத்தறிவைத் தடுத்தவர் கூட்டத்தை நினைக்கும்போது, தாடிக்காரப் பாதிரிமார் மலைபோல் உயர்ந்து தெரிகின்றனர். மலைக்கும் நிழல் உண்டு என்பதையே நாம் பேசுகிறோம்.

நாகையில் 1844-ல் பள்ளி தொடங்கிற்று. துறைமுகப் பட்டினம், கப்பல் வரும், வெள்ளையரும் கலப்பினத்தாரும் வணிகரும் வாழும் ஊர். 1860களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து திருச்சிக்கு இருப்புப்பாதை ஓடியது. 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின்படி, தனியார் பள்ளிகளுக்கும் சர்க்கார் மானியம் தரும் முறை பிறந்தது. பாதிரிமார் பள்ளிகள் தழைத்ததற்கு மாதாவின் அருளைவிட அந்த மானியம் பெருந்துணை என்பது நம் கருத்து. அந்த மானியம் யார் பணம்? நெல் விளைவித்தவன் கட்டிய வரி. அவன் மகன் அந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை படித்தான் என்று கேட்க மானியம் தந்தவர்க்கும் தோன்றவில்லை, பெற்றவர்க்கும் தோன்றவில்லை.

1883-ல் கல்லூரி திருச்சிக்கு வந்தது. இடம் எது? மலைக்கோட்டைக்கும் தெப்பக்குளத்துக்கும் அருகே, நகரின் நெஞ்சில். காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். இந்த இடத்தேர்வை நாம் ஒரு வாக்கியமாகவே படிக்கிறோம். மிஷனின் கிறித்தவர்கள் பெரும்பாலும் எங்கே இருந்தார்கள்? கடற்கரையில் பரதவர், தெற்கே பனைமரத்தடியில் நாடார், சேரிகளில் பறையர், பள்ளர், ஊர்களில் வெள்ளாளர், உடையார். அவர்கள் ஊரில் எழுந்தவை பெரும்பாலும் ஓலைக் கூரைப் பாடசாலைகள். பட்டப்படிப்புக்கான மாளிகையோ அக்கிரகாரத்துக்கு நடந்துவரும் தொலைவில் எழுந்தது. வந்து படித்தோருள் பிராமண மாணவர் பெருந்தொகையினர். நொபிலியின் பழைய கனவு புதிய செங்கல்லில் எழுந்தது என்று சொன்னால் மிகையாகுமா?

மிகையில்லை என்பதற்குச் சான்று, கல்லூரிக்கு அருகிலேயே இருந்தது. 1890களில் பிராமண மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். ஊர் கொதித்தது, குடும்பங்கள் அவர்களை ஒதுக்கின. வீட்டை இழந்து வந்த அந்த இளைஞர்க்கு ஏசு சபையார் தனியாக ஒரு குடியிருப்பு அமைத்தனர்: மேரி மாதா தோப்பு. நம்பிக்கைக்காக வீட்டை இழந்தவனுக்குக் கூரை தருவது மனிதத்தன்மை. அதை மறுப்பவன் மூடன். ஆனால் தனிக் குடியிருப்பு எதற்கு? திருச்சியில் கிறித்தவர் வீடே இல்லையா? பாலக்கரையில் இல்லையா? மேலப்புதூரில் இல்லையா? இருந்தன. அங்கே போனால் சாதி போய்விடும்! ஆகவே மதம் மாறியவர், உணவும் வழக்கமும் மாறாமல், தோப்பில் இருந்தனர். அந்தோணி என்று பெயர் கொண்ட பறையர் தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவர். அவருக்குத் தோப்பு இல்லை. நேற்று வந்தவர்க்கு வேலியிட்ட வீடு. நற்கருணை ஒன்று; அடுப்பு வேறு.

சரி, கட்டடங்களுக்கு வருவோம். கூர்நுனி வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், ஊசிபோல் உயரும் கோபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லூர்து மாதா கோயில், பிரெஞ்சு நாட்டு லூர்து ஊரின் கோயிலைப் பார்த்து எழுப்பப்பட்டது. 1858-ல் ஒரு சிறுமி குகையில் மாதாவைக் கண்டாளாம்; நாற்பது ஆண்டுக்குள் அந்தக் கதை காவிரிக்கரைக்குக் கப்பலேறி வந்து கல்லாய்ச் சமைந்துவிட்டது! பனி பெய்யும் நாட்டில், கூரையில் பனி தங்காமல் சரிந்து விழட்டும் என்று பிறந்த செங்குத்துக் கூரையும் கூர்ங்கோபுரமும், பனியே காணாத திருச்சி வெயிலில் நிற்பதைக் காணுங்கால், அந்தப் பிரெஞ்சுக்காரர்க்குத் தம் தாயகத்தின்மேல் இருந்த ஏக்கம் புரிகிறது. அழகில்லை என்று சொல்லோம். மாலை வெயிலில் அந்தக் கோபுரம் அழகுதான். மலைக்கோட்டையும் அழகுதான். அழகைக் காணக் கண் போதும்; மண்டியிட முழங்கால் எதற்கு?

நீண்ட தாழ்வாரங்களும் உயர்ந்த கூரையும் கொண்ட வகுப்பறைக் கட்டடங்களைக் கோயிலைவிட உயர்வாக நாம் மதிக்கிறோம். காற்று ஓடும், ஒளி விழும், நூறு பிள்ளைகள் அமர்ந்தாலும் மூச்சு முட்டாது. கட்டியவர்கள் சூட்டை அறிந்தே கட்டியிருக்கிறார்கள். மக்கள் பணத்தில் இன்று கட்டப்படும் தீப்பெட்டி வகுப்பறைகளைப் பார்த்தபின் இந்தத் தாழ்வாரங்களில் நடந்தால் பொறாமையே மிஞ்சும்.

மண்டபம் ஒன்றுக்கு 'லாலி மண்டபம்' என்று பெயர். 1906 முதல் 1911 வரை சென்னை மாகாணத்துக்குக் கவர்னராய் இருந்த சர் ஆர்தர் லாலியின் பெயர். தெப்பக்குளத்தருகே கல்லூரிக்குச் சொந்தமான பழைய மாளிகை ஒன்றுண்டு. கருநாடகப் போரின்போது ராபர்ட் கிளைவ் தங்கிய வீடு என்பது வழிவழி வரும் பேச்சு. கல்லூரி அதனை வாங்கி மாணவர் விடுதியாக்கியது. அது கிளைவ் விடுதி என்றே அழைக்கப்பட்டது. ஒரு மண்டபம் கவர்னருக்கு, ஒரு விடுதி கொள்ளைக்காரத் தளபதிக்கு, கோயில் மாதாவுக்கு, கல்லூரி சூசையப்பருக்கு. சுண்ணாம்புச் செக்கை ஓட்டியவனுக்கு? சாரம் கட்டியவனுக்கு? இடுப்பில் ஒரு பிள்ளையும் தலையில் ஒரு செங்கற் கூடையுமாய்ப் படியேறிய சித்தாளுக்கு? அவள் ஏறிய சாரத்தைப் பிரித்த அன்றே அவளும் வெளியேற்றப்பட்டாள். கட்டி முடித்த பின் அந்தப் படியில் ஏற அவளுக்கு வேலை இல்லை. அவள் மகளுக்கும் இல்லை, ஏனெனில் அது ஆண்பிள்ளைகள் பள்ளி. திருச்சியில் பெண்களுக்கெனச் சிலுவைக் கன்னியர் நடத்தும் கல்லூரி 1923-ல்தான் வந்தது. நாகையில் ஆண்களுக்குக் கதவு திறந்து எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

இனி, தெற்கே ஒரு கோயிலுக்குப் போக வேண்டும். திசை தவறிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். அது கல்லூரியை நடத்திய அதே ஏசு சபையார், அதே திருச்சி ஆயரின் ஆளுகைக்குள் எழுப்பிய கோயில். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம். அங்கே வெள்ளாளக் கிறித்தவர்க்கும் நாடார் கிறித்தவர்க்கும் ஓயாத சண்டை. 1872-ல் ஏசு சபையார் ஒரு கோயில் கட்டினர். எப்படி? கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே தடுப்பு, இரண்டும் சேருமிடத்தில் ஒரே பீடம். ஒரு காலில் வெள்ளாளர், ஒரு காலில் நாடார். ஒருவரை ஒருவர் பாராமல் இருவரும் ஒரே ஏசுவைப் பார்க்கலாம்! உலகத்துச் சிற்ப நூல்கள் எதிலும் இல்லாத இந்தக் கண்டுபிடிப்பை நாம் தமிழ்நாட்டுக் கட்டடக் கலைக்குச் சாதி அளித்த கொடை என்று குறித்துவைக்க வேண்டும். மசூதியில் சுவர் இல்லையே என்று கேட்ட நம் மக்களுக்குப் பாதிரிமார் சொல்ல என்ன பதில் இருந்தது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முடித்துவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். 1910-ல் அந்தச் சுவரை இடித்தவர்களும் அதே திருச்சபையாரே. வெள்ளாளர் பொங்கினர், பழைய உரிமை பறிபோயிற்று என்று வழக்காடினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கிறித்தவனான பின் சாதியைக் காட்டிக் கோயிலில் தனியிடம் கேட்க உரிமையில்லை என்ற நிலையே நின்றது. திருச்சபை கட்டியது, திருச்சபையே இடித்தது. இரண்டுக்கும் இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள். அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளின் நடுவில்தான், 1883-ல், திருச்சிக் கல்லூரி எழுந்தது. தெற்கே கோயிலுக்குள் சுவர் எழுப்பியிருந்தவர்கள் வடக்கே வகுப்பறைக்குள் எதை எழுப்பினர்? செங்கற் சுவர் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பெஞ்சு வரிசைக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் செங்கல் தேவையில்லையே! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் சாதி கலந்துவிடாமல் காக்க ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்ததையும், அதை எதிர்த்துப் பெரியார் இயக்கத் தோழர்கள் இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்ததையும் எண்ணினால், கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அந்தக் கல்லறைத் தோட்டம் கல்லூரியிலிருந்து நெடுந்தொலைவு அல்ல.

இனி மறுபக்கம். கட்டியவர் நினைத்தது ஒன்று. கட்டடம் செய்தது மற்றொன்று. அக்கிரகாரத்தை மாதா கோயிலுக்கு அழைத்துவரக் கல்லூரி எழுந்தது. வந்தவர்கள் ஒரு தோப்பளவே. ஆனால் அந்தத் தாழ்வாரங்களின் வழியே ஆயிரக்கணக்கானோர் இயற்பியலும் கணிதமும் கற்றுச் சென்றனர். ஞானஸ்நானத் தொட்டியைவிடச் சோதனைச்சாலை மிகுதியான பேரை மாற்றியது! 1950 முதல் 1954 வரை அங்கே இயற்பியல் படித்தார் இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம். விடுதியில் தம் அறையில் தம்மோடு இருந்தவர்கள் இருவர், ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் என்று அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மூன்று மதத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் பாய் விரித்த அந்த விடுதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எந்த மடம் அன்று அதைச் செய்தது? எந்த வேத பாடசாலை செய்தது? சேரன்மாதேவிக் குருகுலத்தில் 1920களில் பிராமணப் பிள்ளைக்கு ஒரு பந்தி, மற்றவர்க்கு ஒரு பந்தி என்று வைத்ததை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போரிட்டதை நாடு மறக்கவில்லை. அதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பாதிரியார் விடுதி எத்தனையோ படி மேல்.

செடிகொடிகளைப்பற்றியும் ஒரு சொல். அக்கல்லூரியில் 1967-ல் ராப்பினாட் பெயரால் உலர்தாவரச் சாலை ஒன்றை நிறுவினார் மத்தேயு அடிகள். இந்தச் சமவெளியின் ஒவ்வொரு செடியையும் தேடிப் பறித்து, உலர்த்தி, பெயரிட்டு, 1980களில் தமிழகக் கருநாடகச் சமவெளித் தாவரங்களைப்பற்றிப் பெரும் நூல் தொகுதிகள் வெளியிட்டார். அங்கியணிந்த ஒருவர் செய்த வேலைதான். ஆனால் அந்தத் தாள்களில் கடவுள் இல்லை, செடி இருக்கிறது, பறித்த இடம் இருக்கிறது, பறித்த நாள் இருக்கிறது. செடிக்கு இத்தனை நேர்மையாகக் குறிப்பெழுதத் தெரிந்த நிலையம், தன்னிடம் படித்த பிள்ளைகளைப்பற்றி மட்டும் ஏன் இத்தனை சுருக்கமாக எழுதுகிறது என்பதே நம் வியப்பு.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். பழங்கதையாயிருந்தால் நாம் இத்தனை மை செலவிட்டிருக்கமாட்டோம். 1950-ல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணை, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான பறையரும் பள்ளரும் வெளியே நிற்கின்றனர். சர்ச்சுக்குள் அவன் பறையன். சர்க்காரிடம் அவன் கிறித்தவன்! தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறான். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இந்த அநீதியை நீக்கக் கோரி டில்லிக்குத் தீர்மானம் அனுப்பியது. இது ஒரு பூட்டு. மறு பூட்டு, கல்விக்கூடத்தின் வாயிலில். 2005-ல் நிறைவேறிய தொண்ணூற்று மூன்றாம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் 15(5) என்ற பிரிவு சேர்ந்தது. தனியார் கல்விக்கூடங்களிலும் இடஒதுக்கீடு செய்ய அது வழி திறந்தது. மானியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மையினர் நிலையங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆக, சேரிக் கிறித்தவச் சிறுவனைச் சேர்க்க வேண்டும் என்று அவன் திருச்சபையின் கல்லூரியை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. மனச்சான்றுதான் கட்டாயப்படுத்த வேண்டும். மனச்சான்று முப்பத்தெட்டு ஆண்டு தாமதித்துச் சுவர் இடித்த வரலாற்றை மேலே கண்டோம்.

சிறுபான்மை உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். பள்ளியில் மாதா படத்தைக் கண்டால் பதறியெழுந்து கலகம் செய்யும் காவிக்கூட்டத்துக்கு நம் கட்டுரை தீனியாகாது. பள்ளிக்கூடமே கூடாது என்றிருந்த மனுவின் பேரப்பிள்ளைகள், பள்ளிக்கூடம் கட்டியவனைப் பார்த்துச் சமத்துவம் கேட்பது வேடிக்கையிலும் வேடிக்கை! அவர்களுக்கு எதிரே நின்று அந்த உரிமையைக் காப்போம். காத்துக்கொண்டே, உரிமை யாருக்குப் பயன்பட்டது என்று உள்ளிருப்போரைக் கேட்போம். உள்ளிருந்தே கேட்டவர்களும் உண்டு. 1992-ல் ஏசு சபையைச் சேர்ந்த அந்தோணிராஜ் அடிகள் தமிழகத் திருச்சபைக்குள் தலித் கிறித்தவர்க்கு இழைக்கப்படும் கொடுமையை ஆராய்ந்து நூலாக்கினார். அதே ஆண்டு பாமாவின் 'கருக்கு' வந்தது. கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறியவரின் நூல் அது. 2016-ல் இந்திய ஆயர் பேரவையே, சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் உண்டு என ஒப்பி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொள்ளாத சங்கர மடங்களை நோக்க, ஒப்புக்கொண்டது பெருமைக்குரியதே. ஒப்புக்கொண்டதற்குக் கணக்கு எங்கே?

கணக்கு ஓரிடத்தில்தான் கிடைக்கும். எந்தப் பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், மதம், சாதி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியபோது படித்த வகுப்பு. விழா மலரில் இல்லாத அத்தனையும் அதில் இருக்கும். சூசையப்பர் பள்ளியின் பதிவேடுகளைத் திறந்து, 1883-லிருந்து ஆண்டுவாரியாக எண்ணி, சேரியிலிருந்து எத்தனை பிள்ளை வந்தான், எத்தனையாம் வகுப்பில் நின்றான், முதல் பட்டதாரி எந்த ஆண்டில் வந்தான் என்று அச்சிட வேண்டும். தனிமனிதர் பெயரை வெளியிட வேண்டியதில்லை, எண்கள் போதும். அதோடு விடுதியின் பந்திக் கணக்கும் எஞ்சியிருந்தால் சேர்க்க வேண்டும். எண்கள் பெருமை தருவனவாய் இருந்தால் முதலில் கைதட்டுவோர் நாமாக இருப்போம்.

இருநூறாம் ஆண்டு 2044-ல் நிறைகிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அக்கல்லூரியிலேயே வரலாற்றுத் துறை இருக்கிறது. மாணவர் நால்வர், ஒரு கோடை விடுமுறை, பதிவேட்டு அறையின் சாவி: இவ்வளவே வேண்டுவது. சாவி ஏசு சபையாரிடம் இருக்கிறது.